சைடு பேனல் மாட்டாதவர்

கணினி உடையோரைப் பல வகையாகப் பிரிக்கலாம் எனினும், அவர்களுள் தனியே வைத்து ஆராயத்தக்கவர், தம் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டை ஒருமுறை கழற்றியபின் மீண்டும் மாட்டாமலேயே ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுபவர் ஆவார். கேபினெட் எனப்படும் அந்தப் பெட்டியின் இடப்பக்கத் தகட்டைச் சைடு பேனல் என்பர். உள்ளே எரியும் வண்ண விளக்குகள் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்துக் கண்ணாடி பேனல் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கியவரும் இவரே. அந்தக் கண்ணாடியைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி, பீரோவுக்குப் பின்னால் சாத்திவைத்திருப்பவரும் இவரே. திறந்துகிடக்கும் பெட்டிக்கு நேராக ஒரு டேபிள் ஃபேன் சுழன்றுகொண்டிருக்க, வீட்டிலுள்ள மனிதர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும். கழற்றிய ஸ்குரூக்கள் ஒரு மாத்திரை டப்பாவில் சேமிக்கப்பட்டிருக்கும். அவற்றின் எண்ணிக்கை பெட்டியிலுள்ள துளைகளின் எண்ணிக்கையோடு எக்காலத்தும் ஒத்துவருவதில்லை. இவரைக் கழற்றுநர் என்று இக்கட்டுரை குறிக்கும்.

கழற்றுநர் தொழில்முறையில் பழுதுபார்ப்பவர் அல்லர். பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர், அல்லது மாதச் சம்பளக்காரர் ஒருவரின் மகன். ஒரே கம்பெனி முழுதாகக் கட்டி விற்கும் கணினியை அவர் மதிப்பதில்லை. உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து வாங்கிப் பொருத்திய அசெம்பிள்டு கணினியே கணினி என்பது அவர் கொள்கை. பணம் மிச்சமாகும் என்பது வீட்டில் அவர் சொன்ன காரணம். அம்மிச்சத்தின் மறுபக்கம் கணினி நோயுறும்போதுதான் தெரியவரும்: பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, கேபினெட் என ஏழு உறுப்புகளுக்கு ஏழு கம்பெனிகளும் ஏழு வாரண்டிச் சீட்டுகளும் இருக்க, ஒவ்வொரு கம்பெனியின் சேவை மையமும் தன் பொருளில் குறையில்லை என்றும், மற்ற ஆறில் ஒன்றைப் பார்க்குமாறும் பணிவோடு சொல்லி அனுப்பும்.

அவர் கணினிக்கு வரும் நோய் விசித்திரமானது. கணக்கெழுதுதல், மின்னஞ்சல் அனுப்புதல், ரயில் டிக்கெட் எடுத்தல் ஆகிய பயனுள்ள வேலைகளில் பகல் முழுதும் ஒரு குறையுமின்றி ஓடும் அந்த இயந்திரம், கேம் ஆடத் தொடங்கிய சிறிது நேரத்தில் நின்றுவிடும். இதைக் கேட்டறிந்த தாய், "அப்ப அந்த ஒரு வேலைய மட்டும் செய்யாம இரேன்டா" என்று கூறும் தீர்வு, பொறியியல் நோக்கில் பிழையற்றது எனினும் கழற்றுநர் அதை ஏற்பதில்லை. நோய்க்குக் காரணம் உண்டு. திரையில் தோன்றும் காட்சிகளைக் கணித்து வரையும் உறுப்பாகிய கிராபிக்ஸ் கார்டு, சாதாரண வேலைகளில் மிகச் சிறிதளவு மின்சாரத்தையே கொள்ளும். கேமில் இறங்கியதும் தன் முழு அளவையும் இழுக்கும். 2020இல் என்விடியா வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3080 என்னும் கார்டுக்கு அக்கம்பெனி குறித்த அளவு 320 வாட். அதே வேளையில் பிராசஸரும் ராமும் உச்ச உழைப்பில் இருக்கும். பெட்டிக்குள் வெப்பம் ஏறும். ஆகவே வெப்பம், மின்சாரம், நினைவகம், மென்பொருள் ஆகிய நான்கில் எதிலேனும் ஒளிந்திருக்கும் சிறு குறை, மற்ற வேலைகளில் தலைகாட்டாமல் கேமில் மட்டுமே வெளிப்படுகிறது.

நிற்றலும் ஒரே வகையானதன்று. கேம் மட்டும் மூடிக்கொண்டு விண்டோஸின் முகப்புத் திரைக்குத் திரும்புவது முதல் வகை. இதற்குக் கேமின் மென்பொருளோ, கார்டை இயக்கும் டிரைவர் என்னும் இணைப்பு மென்பொருளோ, சில வேளை ராமோ காரணமாகலாம். விண்டோஸே மடிந்து ஓர் அறிவிப்புத் திரையைக் காட்டுவது இரண்டாம் வகை. நீலத்திரை எனப் புகழ்பெற்ற இதில், 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஒரு வாடிய முகக்குறியும் இடம்பெற்றது. 2025இல் மைக்ரோசாஃப்ட் அத்திரையைக் கறுப்பாக்கி முகக்குறியையும் நீக்கிவிட்டதால், இப்போது வாடிய முகம் திரைக்கு வெளியே மட்டும் காணப்படுகிறது. எந்த அறிவிப்பும் இன்றிக் கணினி பட்டென்று அணைவது மூன்றாம் வகை. இது பெரும்பாலும் மின்சாரத்தின் வேலை, சில வேளை கடும் வெப்பத்தின் வேலை. இம்மூன்றையும் பிரித்தறிவதே நோயறிதலின் முதற்படி. ஆனால் கழற்றுநரிடம் "என்னடா ஆச்சு?" என்று நண்பர் கேட்டால், மூன்றுக்கும் பொதுவாக "கிராஷ் ஆவுது" என்ற ஒரே விடைதான் கிடைக்கும், ஏனெனில் அவ்வேளையில் அவர் கவனம் முழுதும், முடிவுக்கு ஐந்து நிமிடமே இருந்த ஆட்டத்தைச் சேமிக்காமல் விட்ட துயரத்தில் ஆழ்ந்திருக்கும்.

துயரம் தணிந்ததும் அவர் ஈவென்ட் வியூவரைத் திறப்பார். கணினியில் நிகழும் ஒவ்வொன்றையும் நேரக் குறிப்போடு பதிந்துவைக்கும் விண்டோஸின் நாட்குறிப்பு அது. மூன்றாம் வகை நிற்றலுக்குப் பின் அதில் 41 என்ற எண்ணுடைய சிவப்புப் பதிவு ஒன்று காணப்படும்; முறையாக அணைக்கப்படாமலேயே கணினி மீண்டும் தொடங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். அதாவது, கரண்டு போனது போல் கணினி அணைந்ததைக் கண்ணாரக் கண்ட ஒருவருக்கு, கணினி அணைந்தது என்ற செய்தியை அது உறுதிப்படுத்துகிறது. இந்த 41ஐக் காரணம் என்று கொள்வது கழற்றுநர்களிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. "ஃபார்ட்டி ஒன் வருது மச்சி, சீரியஸ்" என்று அவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வர்.

இங்கேதான் கழற்றுநரின் குணத்தை முழுதும் விளக்கவல்ல விதி ஒன்று செயற்படத் தொடங்குகிறது. குற்றம் பெரும்பாலும் மலிவான பொருளில் இருக்கும்; சந்தேகமோ, அவர் புதிதாக வாங்க விரும்பும் பொருளின்மேல் விழும். கணினி வாங்கிய நாளில் அவர் பணத்தைப் பங்கிட்ட முறையிலேயே இவ்விதியின் வேர் இருக்கிறது. பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போயிற்று, மிஞ்சியதில் பிராசஸர், அதிலும் மிஞ்சியதில் ராம், கடைசியில் பையில் கிடந்த பணத்துக்குத் தக்க ஓர் எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கணினி உறுப்புகளுக்கு ஏற்ற 12 வோல்ட் முதலிய தாழ்ந்த அளவுகளாக மாற்றித்தரும் பெட்டி அது. கார்டு ஒரு கணத்தின் மிகச் சிறு பகுதியில் தன் வழக்கமான அளவைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுப்பதுண்டு என்பதால், 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்னும் தர வரையறை, 100 மைக்ரோ விநாடி நேரத்துக்கு இருமடங்குச் சுமையையும் எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டும் என்று விதித்தது. அத்தகைய ஒன்றை வாங்கும் எண்ணம் அவருக்கு என்றும் தோன்றியதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் வண்ண விளக்கு எரிவதில்லை அல்லவா?

ஆகவே கணினி முதன்முறை நின்ற அன்றே, கிராபிக்ஸ் கார்டு பழுதென்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். குடும்ப நிதியமைச்சராகிய தந்தையிடம் அது பின்வருமாறு சமர்ப்பிக்கப்படும்:

"கார்டு போயிடுச்சுப்பா."

"போன தீபாவளிக்குத்தானடா வாங்கின?"

"அது பழைய ஜெனரேஷன்பா."

"போயிடுச்சுங்கற, அப்புறம் படம் எப்படித் தெரியுது?"

இக்கேள்விக்குக் கழற்றுநரிடம் விடை இல்லை. தந்தைக்குக் கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது வீட்டில் ஒருமனதாக ஏற்கப்பட்ட உண்மை. நோயறிதலில் முதல் அறிவார்ந்த கேள்வியைக் கேட்பவர் அவராகவே இருப்பது இவ்வகை வீடுகளின் பொது இயல்பு.

நிதி மறுக்கப்பட்டதும் சிகிச்சை தொடங்கும். முதலில் தூசு. பழைய பெயின்ட் பிரஷ்ஷாலும் வாயால் ஊதியும் வெளியேற்றப்படும் தூசு, பெரும்பகுதி கழற்றுநரின் கண்ணிலும் எஞ்சியது மீண்டும் கணினியிலும் படியும். அடுத்தது ராம். அதன் விளிம்பிலுள்ள பொன்னிறத் தொடுமுனைகளைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்ப்பது நம் நாட்டில் கைவழியாக வந்த வைத்தியம். முனைகளில் படிந்த அழுக்கு நீங்குவதாலும், கழற்றி மாட்டுகையில் சரியாக அமராத ராம் சரியாக அமர்ந்துவிடுவதாலும் இது சில வேளை உண்மையிலேயே பலிக்கும். பின்னர் தெர்மல் பேஸ்ட். பிராசஸரின் சூட்டை அதன் மேலமரும் உலோகக் குளிர்விப்பானுக்குக் கடத்துவதற்காக, இரண்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்பும் பசை அது. ஆண்டுகள் செல்ல உலர்ந்துபோனால் சூடு தேங்கும். ஒரு பட்டாணி அளவு போதும் என்பது எல்லோரும் அறிந்தது. கழற்றுநரும் அறிவார், ஆனால் டியூபை முழுதாக வாங்கிவிட்ட பின் பட்டாணியோடு நிறுத்துவதற்கு அவர் மனம் ஒப்புவதில்லை.

இதன்பின் சோதனைக் கட்டம். கார்டைச் சோதிக்க ஃபர்மார்க் என்றொரு மென்பொருள் உண்டு. அடர்ந்த ரோமம் முளைத்த மெதுவடை போன்ற ஒரு வளையத்தைத் திரையில் ஓயாமல் சுழலவைத்து, அதன் ஒவ்வொரு ரோமத்தையும் வரையும் உழைப்பால் கார்டை உச்ச வெப்பத்துக்கு ஏற்றுவது அதன் பணி. கழற்றுநரின் பாட்டி அதைக் கண்டு, இதற்கா இவ்வளவு கரண்டு என்று வியந்தபின் அவ்வறைப் பக்கம் வருவதில்லை. பிராசஸருக்குப் பிரைம்95. மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் ஒரு கணிதக் கூட்டுமுயற்சிக்காக 1996இல் உருவான இம்மென்பொருள், பிராசஸரை இடைவிடாமல் வாட்டுவதாலும், கணக்கில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் பிடித்துவிடுவதாலும் பழுதறியும் கருவியாக மாறியது. பள்ளியில் பகா எண்ணைக் கண்டு ஓடியவர்கள் இன்று விடியவிடிய அதைத் தேடிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். ராமுக்கு மெம்டெஸ்ட்86. 1994இல் முதலில் எழுதப்பட்ட இது, விண்டோஸ் தொடங்கும் முன்பே தனித்து இயங்கி, நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். சோதனைகள் மூன்றையும் கணினி தேறிவிட்டால் கழற்றுநர் மகிழ்வார் என்று எண்ணுவது தவறு. நோய் உண்டு, நோய்க்குச் சான்று இல்லை என்ற நிலை அவரை வாட்டும். சான்று கிடைக்காத ஆத்திரத்தில் கார்டின் மேலுள்ள சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மின்சாரத்தின்மேல் அவர் கவனம் திரும்புவது தற்செயலாகத்தான். மாலை வேளையில் தாய் சட்னி அரைக்க மிக்ஸியைப் போடுவதும் கணினி அணைவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதை அவர் கண்டறிவார். அறிவியல் முறையில் இது அரிய கவனிப்பு. அதிலிருந்து அவர் அடையும் முடிவோ, மேட்ச் முடியும்வரை வீட்டில் யாரும் மிக்ஸி போடக் கூடாது என்பது. உண்மையில் நிகழ்வது வேறு. வீட்டில் ஒரு மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் ஒரு கணம் தாழும். கணினி மாட்டப்பட்டிருக்கும் யுபிஎஸ், கரண்டு போய்விட்டதென்று கருதி பேட்டரிக்கு மாறும். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் பேட்டரியிலிருந்து தரக்கூடியது ஏறத்தாழ 360 வாட். கணக்கெழுதும் கணினிக்கு அது தாராளம். 320 வாட் கார்டும் பிராசஸரும் மானிட்டரும் ஒருசேர உழைக்கும் கணினிக்கு அது போதாது. சுமை மிகுந்ததும் யுபிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ளக் கைவிரித்துவிடும். மலிவான யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது தரும் படிக்கட்டு வடிவ மின்னலையை, நவீன எஸ்எம்பிஎஸ்களில் சில ஏற்க மறுப்பதும் உண்டு. அந்த யுபிஎஸ்ஸோ, அக்கா கல்லூரியில் படித்த காலத்துப் பழைய கணினியோடு வந்தது. அது நல்ல நிலையில் இருப்பதாக எல்லோரும் நம்புவதற்கு, அது அவ்வப்போது 'பீப்' என்று குரல் கொடுப்பதே போதுமான சான்றாக இருந்துவருகிறது.

சென்னையைச் சேர்ந்த கழற்றுநராயின், இக்கட்டத்தில் கணினியைத் தூக்கிக்கொண்டு அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்குச் செல்வார். மின்னணுப் பொருள்களின் சந்தையாகிய அத்தெருவில், ஆட்டோவிலிருந்து குழந்தையை இறக்குவது போலன்றி இயந்திரத்தை இறக்குவது போலவே பெட்டியை வாங்கும் கடைக்காரர், கழற்றுநர் சொல்லும் நீண்ட வரலாற்றைப் பாதியிலேயே நிறுத்தி, "வெச்சுட்டுப் போங்க பாஸ், ஓட்டிப் பாத்துடலாம்" என்பார். அவரிடம் ஈவென்ட் வியூவர் பற்றிய புலமை இல்லை. மாறாக, நல்ல நிலையில் உள்ளவை என்று உறுதியாகத் தெரிந்த உதிரி உறுப்புகள் இருக்கின்றன. சந்தேகத்துக்குரிய ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு நல்ல ஒன்றை மாட்டி, நோய் தொடர்கிறதா என்று பார்ப்பதும், தொடர்ந்தால் பழையதையே திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவதுமே நோயறிதலில் ஐயமற்ற முறை. ஆனால் அதற்கு அங்கே தேவையே எழுவதில்லை. கடையின் மேசையில் கணினி மூன்று மணி நேரம் முழு வேகத்தில் ஓடியும் ஒருமுறைகூட நிற்காது. "இங்க நல்லாத்தான் ஓடுது. வீட்ல எதுல மாட்டியிருக்கீங்க?" என்று கடைக்காரர் கேட்பார். கழற்றுநர் அக்கேள்வியைச் செவிமடுப்பதில்லை. அவர் பார்வை கடையின் சுவரில் மேலே நிலைத்திருக்கும். அன்றிரவு தந்தையிடம் புதிய அறிக்கை சமர்ப்பிக்கப்படும்: "கடையில ஏசி இருக்குப்பா. அதான் நிக்கல."

விதிக்கு விலக்கு உண்டா எனின், உண்டு. அவ்விலக்கே கழற்றுநரைத் திருத்தவொண்ணாதவராக ஆக்கிவிட்டது. இன்டெல் கம்பெனியின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசஸர்கள் சிலவற்றில் கேம்கள் அடிக்கடி முறிந்துவிழுந்தன. திரையில் வந்த அறிவிப்போ வீடியோ நினைவகம் போதவில்லை என்று கூறியதால், பிழையற்ற கிராபிக்ஸ் கார்டுகள்மேல் பழி விழுந்தது. ஆராய்ந்ததில், அளவு மீறிய மின்னழுத்தத்தால் பிராசஸரே நாளடைவில் தேய்ந்துபோவது தெரியவர, பிராசஸரின் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பாகிய மைக்ரோகோடுக்கு இன்டெல் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்களை வெளியிட்டதோடு, வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. தேய்ந்துவிட்ட பிராசஸரைத் திருத்தம் மீட்காது, மாற்றத்தான் வேண்டும். விலையுயர்ந்த உறுப்பே குற்றவாளியாகப் பிடிபட்ட இச்செய்தி வந்த நாளிலிருந்து கழற்றுநரின் பேச்சில் ஒரு நிமிர்வு காணப்படுகிறது. அத்தலைமுறைகளோடு தொடர்பே இல்லாத, எட்டாண்டுப் பழமையான மடிக்கணினி நின்றாலும், "மைக்ரோகோடாத்தான் இருக்கும்" என்று அவர் சொல்வார்.

இறுதியில் ஒரு நாள் கணினி குணமாகிவிடுகிறது. அது நிகழும் விதமாவது: பொறுமையிழந்த ஒரு சனிக்கிழமை இரவில், கழற்றுநர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் முறையைக் கைவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துமுடிப்பார். கார்டின் டிரைவரை அடியோடு நீக்கிப் புதிதாக நிறுவுவார். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளாகிய பயாஸைப் புதுப்பிப்பார். ராமை அதன் பெட்டியில் அச்சிட்ட உயர்வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி என்னும் அமைப்பை அணைப்பார். அது வரையறுத்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது என்பதால் சில கணினிகளில் நிலைகுலைவுக்குக் காரணமாவதுண்டு. பேஸ்ட்டை மறுபடியும் பூசுவார். கார்டுக்கு ஒரே கேபிளின் இரு முனைகளுக்குப் பதிலாக இரண்டு தனிக் கேபிள்களை மாட்டுவார். இவ்வளவுக்கும் இடம் போதாமல் மேசையை நகர்த்துகையில், யுபிஎஸ் வரை வயர் எட்டாததால், பிளக்கை நேராகச் சுவரிலுள்ள பிளக்பாயின்டில் செருகுவார். விடியும்வரை ஓட்டியும் கணினி நிற்காது. அடுக்களையில் மிக்ஸி ஓடும்; அப்போதும் நிற்காது.

ஆறு மாற்றங்களுள் எது மருந்தாயிற்று என்று அறிய, ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதற்கு அவருக்குத் துணிவில்லை. கேம் ஆடுவாரா எனின், அதுவும் பெயரளவில்தான். வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறியின் வேகம் ஆகியவற்றை மூலையில் காட்டும் எண்கள்மேல் அவர் கண் பதிந்திருக்க, திரையின் நடுவே எதிரி வந்து அவரைச் சுட்டுவிட்டுப் போவான். 71 டிகிரிதான் என்ற நிறைவில் அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அவருடைய உண்மையான ஆட்டம், அத்தை மகனின் கணினியும் கேமில் நிற்கிறது என்று தொலைபேசி வரும்போதுதான் மீண்டும் தொடங்கும். ஸ்குரூடிரைவரும் அழிரப்பரும் பேஸ்ட்டும் பையிலிட்டுக்கொண்டு சென்று, முதற்காரியமாகச் சைடு பேனலைக் கழற்றச் சொல்லி, தம் வீட்டில் பலித்த ஆறையும் வரிசை பிறழாமல் அங்கேயும் செய்வார்; மேசையை நகர்த்துவது உட்பட. அவ்வீட்டுக் கணினியும் சரியாகும். எதனால் என்பது அங்கும் தெரியாது. ஆனால் அத்தை மகன் வேறொருவருக்குச் சொல்லும்போது, பட்டியலில் ஏழாவதாக ஒன்று சேர்ந்திருக்கும்.